பிக் அப் இட்டா, பிக் இட் அப்பா?

குழு: நம்ம குடும்பம், யாங்கோன் – மோல்மீன்

தம்பி: எல்லாருக்கும் வணக்கம். நம் கடையில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் பர்மா லுங்கித் துணி சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு அனுப்ப எழுதி வைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.
"யுவர் பார்சல் இஸ் ரெடி. ப்ளீஸ் பிக் அப் இட் பிஃபோர் ஃபைவ். அன்டில் தென் வீ வில் லுக் இட் ஆஃப்டர். ஐ வில் எக்ஸ்ப்ளெயின் யூ த வே."

நான்: பெரியப்பா ஆன்லைனில் இருக்கிறார். மாட்டினாய்.

சித்தப்பா: எனக்குப் புரிகிறது. அவருக்கும் புரியும். அனுப்புடா.

பெரியப்பா: புரியும்தான். ஆனால் முதல் வரியைத் தவிர ஒவ்வொன்றிலும் இட்டோ யூவோ தப்பான நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. பிக் இட் அப். லுக் ஆஃப்டர் இட். எக்ஸ்ப்ளெயின் த வே டு யூ. கொஞ்சம் பொறு, அனுப்பிவிடாதே.

தம்பி: போன வாரம் "பிக் அப் த பார்சல்" என்று எழுதினேன், சரி என்றீர்களே பெரியப்பா. இப்போது இட் மட்டும் நடுவில் போகணுமா?

பெரியப்பா: ஆமாம். பார்சல் என்று பெயரைச் சொன்னால் "பிக் அப் த பார்சல்", "பிக் த பார்சல் அப்" இரண்டும் சரி. இட், ஹிம், ஹெர், தெம் என்று ப்ரோநவுன் வந்தால் நடுவில்தான் இடம். காரணம் இருக்கிறது. ஆங்கிலத்தில் புதுச் செய்தியும் நீளமான சொற்களும் வாக்கியத்தின் கடைசிக்குப் போகும். இட் என்பது ஏற்கெனவே பேசிய பொருள், அதற்கு அழுத்தமும் கிடையாது. கடைசி இடத்தில் அது நிற்காது. வாய்விட்டுச் சொல்லிப் பார், அப் மேல்தான் அழுத்தம் விழும்.

அத்தை (மோல்மீன்): கரண்ட் வந்துவிட்டது. மோட்டார் போட்டுவிட்டு வருகிறேன்.

பெரியப்பா: டர்ன் இட் ஆன், தங்கச்சி.

தம்பி: அப்படியானால் லுக் ஆஃப்டரும் அதே மாதிரி இரண்டு சொல்தானே? அங்கே மட்டும் ஏன் இட் கடைசியில்?

பெரியப்பா: இதுதான் சரியான கேள்வி. பிக் அப்பில் அப் வினையோடு ஒட்டியது. லுக் ஆஃப்டரில் ஆஃப்டர் இட்டோடு ஒட்டியது. அது ப்ரிபோசிஷன், தனக்குப் பின்னால் ஒரு பெயர் கேட்கும். வெயிட் ஃபார் மீ, லிசன் டு மீ, லுக் அட் தெம் எல்லாம் அந்த வகை. சந்தேகம் வந்தால் நடுவில் ஒரு சொல்லைச் செருகிப் பார். "ஐ வெயிட்டட் பேஷன்ட்லி ஃபார் ஹிம்" நன்றாகவே இருக்கிறது. "ஐ பிக்ட் குவிக்லி அப் த பார்சல்" காதில் இடிக்கும்.

நான்: அழுத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாமா பெரியப்பா?

பெரியப்பா: பாதி நாள் உதவும். லுக் அட் ஹிம் என்றால் லுக் மேல் அழுத்தம், அட் முனகிக்கொண்டு போகும். ஆனால் ஆஃப்டர் மாதிரி இரண்டு அசைச் சொல் வந்தால் அதுவும் அழுத்தம் வாங்கிக்கொள்ளும். அதனால் அதை மட்டும் நம்பாதே. இன்னொரு விஷயம், இடம் மாறினால் அர்த்தமும் மாறுகிற ஜோடிகள் உண்டு. ஸீ த்ரூ ஹிம் என்றால் அவன் நடிப்பு எனக்குத் தெரிந்துவிட்டது. ஸீ ஹிம் த்ரூ என்றால் கஷ்டகாலம் முடிகிற வரை அவனுக்குத் துணை நிற்பது.

சித்தப்பா: கடன் சொல்லிவிட்டுப் போகிறவர்களில் பாதிப் பேரை ஐ ஸீ த்ரூ தெம். இருந்தும் ஐ ஸீ தெம் த்ரூ. வியாபாரம் அப்படி.

பெரியப்பா: பாருடா, உன் அப்பா ஒரே மூச்சில் இரண்டையும் சரியாகப் போட்டுவிட்டார்.

சித்தப்பா: அப்படியே மொத்த விலைக்காரருக்கு நான் அனுப்பினதையும் பாருங்கள் அண்ணா. "லெட் அஸ் டிஸ்கஸ் அபௌட் இட்."

பெரியப்பா: அபௌட்டை எடுத்துவிடு. டிஸ்கஸ் இட், அவ்வளவுதான். டாக் என்றால் அபௌட் வேண்டும். கான்டாக்ட் மீ, என்டர் இட், ரீச் இட், இவற்றுக்கும் நடுவில் ஒன்றும் வேண்டாம்.

அத்தை: வந்துவிட்டேன். எங்கள் காலத்தில் ஐந்தாம் வகுப்பில்தான் ஏ, பி, சி, டியே தொடங்கினார்கள். இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது?

பெரியப்பா: ஆமாம், 1981இல்தான் பர்மாவில் மழலையர் வகுப்புக்கே ஆங்கிலத்தைக் கொண்டுவந்தார்கள். அப்போது நீ பள்ளிக்கூடத்தையே மறந்திருப்பாய்.

அத்தை: அந்த வயசுக் கணக்கெல்லாம் குழுவில் எதற்கு?

தம்பி: பெரியப்பா, எக்ஸ்ப்ளெயின் யூவில் என்ன தப்பு? டெல் யூ என்கிறோம், ஷோ யூ என்கிறோம்.

பெரியப்பா: நாம் என்ன செய்கிறோம்? என்னை, எனக்கு, என்னிடம் என்று உருபைப் போட்டுவிட்டால், அப்புறம் சொல்லை முன்னால் வைத்தாலும் பின்னால் வைத்தாலும் குழப்பம் இல்லை. பர்மியத்திலும் கோ என்று ஒட்டிவிட்டு நிம்மதியாகப் போகலாம், அங்கேயும் வினை கடைசியில்தான். பழைய ஆங்கிலத்திலும் உருபுகள் இருந்தன. 1400 வாக்கில் பெரும்பாலும் தேய்ந்துபோயின. மீ, ஹிம், தெம் என்று சில சொற்களில்தான் மிச்சம். யூவுக்கும் இட்டுக்கும் அதுவும் இல்லை, எங்கே போட்டாலும் ஒரே முகம். அதனால்தான் யார் எங்கே நிற்கிறார், முன்னால் டு இருக்கிறதா என்பதற்கு அங்கே இத்தனை மரியாதை.

பெரியப்பா: கிவ், டெல், ஷோ, சென்ட் எல்லாம் அவர்கள் வீட்டுப் பழைய சொற்கள். கிவ் மீ த புக் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். எக்ஸ்ப்ளெயின், டிஸ்க்ரைப், டொனேட் எல்லாம் லத்தீன் வழி வந்தவை, ஆளுக்கு முன்னால் டு கேட்கும். முழு விதி என்று எடுத்துக்கொள்ளாதே, பிராமிஸும் லத்தீன்தான், பிராமிஸ் மீ சரிதான்.

நான்: கிவ் மீ இட் என்று சொல்லலாமா? கிவ் இட் டு மீயா?

பெரியப்பா: எழுதும்போது கிவ் இட் டு மீ. இரண்டும் ப்ரோநவுன் ஆனால் அதுதான் எல்லா ஊரிலும் எடுபடும். வட இங்கிலாந்தில் கிவ் இட் மீ என்றே பேசுகிறவர்கள் உண்டு. அதைக் கேட்டுவிட்டு இங்கே பரீட்சையில் எழுதி வைக்காதே.

தம்பி: மனப்பாடம் செய்ய ஒரு வழி சொல்லுங்கள். சிங்கப்பூர் இன்டர்வியூவில் யோசிக்க நேரம் இருக்காது.

பெரியப்பா: என் டியூஷன் பிள்ளைகள் நோட்டில் பிக் அப் என்று எழுதினால் அதைக் கோடு போட்டு அடித்துவிடுவேன். பிக் இட் அப் என்று இட்டோடு எழுதணும். டர்ன் இட் ஆஃப், ஃபில் இட் இன், லுக் ஆஃப்டர் இட், வெயிட் ஃபார் இட். வினையைப் படிக்கும்போதே இட் எங்கே என்று சேர்த்துப் படித்துவிட்டால், பேசும்போது வாய் தானாகப் போகும். அர்த்தம் மட்டும் போட்ட பட்டியலை எத்தனை தடவை படித்தாலும் இது வராது. இப்போது இதைப் பார். "டோண்ட் டேக் இட் அவுட் ஆன் மீ."

நான்: எங்கேயோ வந்த கோபத்தை என்மேல் காட்டாதே என்பதுதானே?

பெரியப்பா: ஆமாம். இட் எங்கே, மீ எங்கே பார்த்தாயா? அவுட் வினையோடு சேர்ந்தது, அதனால் இட் அதற்கு முன்னால். ஆன் ப்ரிபோசிஷன், அதனால் மீ அதற்குப் பின்னால்.

அத்தை: இதை என் வீட்டுக்காரருக்கு ஃபார்வர்டு செய்கிறேன். தினம் வேண்டியிருக்கிறது.

தம்பி: அத்தை, பீலிக்கான் கோயில் திருவிழாவுக்கு வருகிறீர்கள் அல்லவா? ஆங் மிங்கலா பஸ் நிலையத்தில் இறங்கியதும் ஐ வில் பிக் யூ அப்.

அத்தை: வருவேன். எனக்காக வெயிட் ஃபார் மீ. சரியா அண்ணா?

பெரியப்பா: இரண்டு தடவை காக்க வைக்கிறாய். மற்றபடி சரி.

தம்பி: அனுப்பிவிட்டேன். "யுவர் பார்சல் இஸ் ரெடி. ப்ளீஸ் பிக் இட் அப் பிஃபோர் ஃபைவ். அன்டில் தென் வீ வில் லுக் ஆஃப்டர் இட். ஐ வில் டெல் யூ த வே."

பெரியப்பா: எக்ஸ்ப்ளெயினைத் தூக்கிவிட்டு டெல் போட்டாயே, கெட்டிக்காரன். வழி சொல்வதற்கு அதுதான் இயல்பு.

தம்பி: பதில் வந்துவிட்டது! "தேங்க்ஸ். குட் யூ டிராப் இட் ஆஃப் அட் மை ஹோட்டல்?" பெரியப்பா, டிராப் இட் ஆஃப். இட் நடுவில். அட் மை ஹோட்டல் தனிக் கட்டு, கடைசியில். சரிதானே?

பெரியப்பா: அச்சு மாதிரி.

சித்தப்பா: இலக்கணம் எல்லாம் சரி. எந்த ஹோட்டல், டாக்ஸிக் காசு யார் கொடுப்பது, அதை முதலில் கேள்.