பெரம்பலூர் தாண்டுவதற்குள் ஆம்ப் சூடாகி நின்றுவிடுகிறது – வழி சொல்லுங்கள்

மலைக்கோட்டை ஸ்விஃப்ட்:
வணக்கம். வாரம் ஒருமுறை திருச்சியிலிருந்து சென்னைக்கு ஸ்விஃப்டில் போகிறேன். பாட்டின் சத்தத்தைப் பெருக்க நாலு சேனல் கிளாஸ் ஏபி வகை ஆம்ப் போட்டு 3 மாதம் ஆகிறது. முன் கதவு ஸ்பீக்கர்கள் 1, 2 சேனலில். 3, 4 இரண்டையும் பிரிட்ஜ் செய்து (ஒரே சேனலாகச் சேர்த்து) 12 இன்ச் சப்வூஃபர், அதாவது பேஸ் ஸ்பீக்கர். கிளம்பி 40 நிமிடத்தில் பாட்டு நின்று சிவப்பு விளக்கு எரிகிறது. ஓரம் கட்டிக் கால் மணி நேரம் ஆறவிட்டால் தானாகவே வருகிறது. அப்புறம் 20 நிமிடம்கூடத் தாங்குவதில்லை. ஆம்பைச் சப் பெட்டியின் முதுகிலேயே திருகியிருக்கிறார்கள், பெட்டி பின் சீட்டோடு ஒட்டி நிற்கிறது. பொருத்திய கடையில் கேட்டால் "வெயில் காலம், அப்படித்தான்" என்கிறார்கள். அம்மா பழைய பாட்டு கேட்டுக்கொண்டே வருவார். பாதியில் நின்றால் அவர் முகம் வாடிவிடுகிறது. ஃபேன் வைத்தால் போதுமா?

கரூர் பையன்:
எனக்கும் இதே தொல்லை இருந்தது. பழைய கம்ப்யூட்டர் ஃபேன் 2 வைத்தேன், சரியாகிவிட்டது. 12 வோல்ட்தான், நேரடியாக ஓடும்.

கோவைப் பட்டறை:
ஃபேனை அப்புறம் பார்க்கலாம் தம்பி. சூடு எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் காற்றடித்தால் ஆம்ப் கொஞ்சம் தாமதமாகச் சாகும், அவ்வளவுதான்.

கிளாஸ் ஏபி ஆம்ப் பேட்டரியிலிருந்து இழுப்பதில் ஏறக்குறைய பாதி சூடாகத்தான் போகும். ஸ்பீக்கருக்கு 200 வாட் கொடுத்தால் இன்னொரு 200 வாட் அந்த அலுமினிய உடம்பில் இறங்கும். அதைச் சீட்டு நுரைக்கும் மரப்பெட்டிக்கும் நடுவில் வைத்தால் சூடு வெளியேற வழியே இல்லை. பெட்டியின் முதுகில் திருகுவது எனக்கு அறவே பிடிக்காது. அதிர்வில் திருகு தளரும், உள்ளே சால்டர் விட்டுப்போகும், திருகு துளைத்த இடத்தில் பெட்டிக் காற்றும் கசியும்.

ஆனால் என் சந்தேகம் வேறு. சப்வூஃபர் டூயல் காயிலா, அதாவது உள்ளே இரண்டு கம்பிச் சுருளா? மல்டிமீட்டர் இருந்தால், சப் ஒயர்களை ஆம்பிலிருந்து கழற்றி ஓம் பார்த்துச் சொல்லுங்கள். பேஸ் பூஸ்ட் எதில் இருக்கிறது? பாட்டு அடிக்கும்போது ஆம்பின் பவர் முனையில் எத்தனை வோல்ட்?

மலைக்கோட்டை ஸ்விஃப்ட்:
பார்த்துவிட்டேன் அண்ணா. டூயல் காயில்தான், ஒவ்வொன்றும் 4 ஓம். ஒயரில் 1.8 காட்டுகிறது. பேஸ் பூஸ்ட் 6 டெசிபெல். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14.1, ஆம்பில் பேஸ் விழும்போது 11.9. எர்த் ஒயரைச் சீட் பெல்ட் போல்ட்டில் பெயிண்ட் மேலேயே மாட்டியிருக்கிறார்கள்.

கோவைப் பட்டறை:
இதுதான் காரணம். இரண்டு காயிலையும் பேரலலாகக் கொடுத்திருக்கிறார்கள், மீட்டரில் 1.8 என்றால் 2 ஓம் லோடு. பிரிட்ஜ் செய்த ஆம்பில் ஒவ்வொரு சேனலும் அதில் பாதியை, அதாவது 1 ஓமைத்தான் பார்க்கும். ஓம் குறையக் குறைய கரண்ட் கூடும், சூடும் கூடும். பெரும்பாலான நாலு சேனல் ஆம்புகளுக்குப் பிரிட்ஜில் 4 ஓம்தான் கீழ் வரம்பு. உங்கள் கையேட்டிலும் பார்த்துக்கொள்ளுங்கள். காயில்களை சீரிஸில் மாற்றினால் 8 ஓம் வரும். சத்தம் கொஞ்சம் குறையும், ஆம்ப் பிழைக்கும்.

பூஸ்டைச் சுழியத்தில் வையுங்கள். 6 டெசிபெல் என்பது அந்தத் தாழ்ந்த ஒலிக்கு மட்டும் 4 மடங்கு பவர் கேட்பது. எர்த்தைப் பெல்ட் போல்ட்டிலிருந்து உடனே எடுத்துவிடுங்கள், அது உயிர் காக்கும் போல்ட். பக்கத்தில் வேறு இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, வெறும் இரும்பில், ஒன்றரை அடிக்கு மிகாத ஒயரில் கொடுங்கள். துளை போடும் முன் அடியில் என்ன இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். பின் சீட்டுக்குக் கீழே பெட்ரோல் டேங்க். பவர் ஒயரையும் கத்தியால் லேசாகச் சுரண்டுங்கள். செம்புக்குள் வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம், அதே தடிமனில் செம்பு ஒயர் வாங்கி மாற்றிவிடுங்கள்.

ஆம்பை 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் ஏற்றி, பின் சீட்டு முதுகின் இரும்புத் தகட்டில் சின்னத் திருகுகளால் மாட்டுங்கள். பலகைக்கும் ஆம்புக்கும் நடுவே விரலளவு இடைவெளி, ஆம்பின் உடம்பிலுள்ள வரிப்பள்ளங்கள் மேலிருந்து கீழாக ஓட வேண்டும். சூடான காற்று தானாக ஏறிப்போகும். படுக்கை வசமாக இருந்தால் பள்ளத்திலேயே தேங்கும், தலைகீழாகத் தொங்கவிட்டால் இன்னும் மோசம். சப் பெட்டியை நாலு விரல் பின்னால் தள்ளுங்கள். இடையில் பை, போர்வை எதுவும் திணிக்காதீர்கள்.

மலைக்கோட்டை ஸ்விஃப்ட்:
எல்லாம் செய்தாயிற்று. ஒயர் அலுமினியம்தான், மாற்றிவிட்டேன். இப்போது ஆம்பில் 13.4க்குக் கீழே இறங்குவதில்லை. நேற்று விழுப்புரம் வரை நிற்காமல் பாடியது. டீக்கு நிறுத்தியபோது கை வைத்துப் பார்த்தேன், நன்றாகச் சுட்டது, ஆனால் கையை எடுக்க வேண்டியதாக இல்லை. பேஸ் குறைந்ததை அம்மா கவனிக்கவே இல்லை. சித்திரை வெயிலுக்கு ஒரு ஃபேன் சேர்க்கலாமா?

கோவைப் பட்டறை:
இப்போது சேர்க்கலாம். ஆம்பின் ரிமோட் ஒயரிலிருந்து (ஸ்டீரியோ ஆம்பை ஆன் செய்யும் ஒயர்) ஃபேனை நேரடியாக ஓட்டாதீர்கள், ஸ்டீரியோ அந்தக் கரண்டைத் தாங்காது. சின்ன ரிலே (சின்னக் கரண்டால் இயங்கும் சுவிட்ச்) போடுங்கள். அதன் முனை எண்கள்படி: ரிமோட் 86இல், எர்த் 85இல், 2 ஆம்பியர் ஃபியூஸ் வழியாகப் பேட்டரி பாசிட்டிவ் 30இல், ஃபேனின் பாசிட்டிவ் 87இல். ஃபேனைக் கீழே வைத்து மேல்நோக்கி ஊதவிடுங்கள்.