வந்த அன்னைக்கே "கேட்டே ஆகணும்"னு சொல்லலாமா?

புலியூர்வாசி
வெள்ளி பிறக்குற ராத்திரி 12 மணிக்கு பாண்டி லாஸ்பேட்டை பேண்டு பசங்களோட ஆல்பம் வந்துச்சு. ஒன்பது பாட்டு, 38 நிமிஷம். 12.10-க்கெல்லாம் நம்ம குழுவுல ஒரு பதிவு: "இந்த வருஷத்துலயே சிறந்த ஆல்பம், கேட்டே ஆகணும்." 38 நிமிஷ ஆல்பத்தைப் பத்து நிமிஷத்துல எப்படிங்க கேட்டீங்க?

மூணு தடவை முழுசா கேக்காம யாரும் பரிந்துரை எழுத வேணாம்னு ஒரு வழக்கம் வச்சுக்கலாம்ங்கிறேன். நான் ஒரு தடவை கேட்டேன். பாண்டி பஸ் ஸ்டாண்டுல ஏறினேன், கன்னியக்கோயில் வர்றதுக்குள்ள அஞ்சு பாட்டு போச்சு. ஒரு மெட்டுகூட மனசுல நிக்கல. ஆறாவது பாட்டுல முக்கால்வாசி ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு"ன்னு கேக்கவா நான் இயர்போன் மாட்டினேன்?

முத்தியால்பேட்டை முல்லை
அந்தப் பதிவு என்னோடதுதாண்ணே. ஜூன் 21 ஃபெத் தெ லா மியூசிக், அதான் அந்த பிரெஞ்சு இசைத் திருவிழா அன்னைக்குத் தெருவுல நின்னு வாசிச்சாங்களே, அப்பவே இதுல நாலு பாட்டைக் கேட்டுட்டேன். பத்து நிமிஷக் கணக்கு தப்பு.

நீங்க சொல்ற மூணு தடவை எல்லாம் பெரிய கம்பெனி ஆல்பத்துக்குச் சரி. ஸ்பாட்டிஃபையில 2024-லேர்ந்து ஒரு விதி: 12 மாசத்துல 1,000 தடவை ஓடாத பாட்டுக்குப் பைசா கிடையாது. பாட்டுக்குப் பாட்டு தனித்தனிக் கணக்கு. இங்க இருக்கிற 40 பேர் ஆளுக்கு 25 தடவை கேட்டாத்தான் ஒரே ஒரு பாட்டு அந்தக் கோட்டைத் தொடும். வந்த வாரத்துல பேசாம, எல்லாரும் மறந்தப்புறம் பொறுப்பா விமர்சனம் எழுதி யாருக்கு என்ன லாபம்?

புலியூர்வாசி
அப்படின்னா அது பரிந்துரை இல்லம்மா, மொய். மொய்யை மொய்னு சொல்லி வைங்க, நானும் வச்சுட்டுப் போறேன். "சிறந்த ஆல்பம்"னு ஏன் சொல்றீங்க? அப்புறம் ஒண்ணு, அந்தப் பசங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?

முத்தியால்பேட்டை முல்லை
ட்ரம்ஸ் வாசிக்கிறவன் என் சித்தி பையன். பாண்டியில யாரு யாருக்குத் தெரியாதவங்க?

புலியூர்வாசி
அதை முதல் வரியில எழுதியிருக்கணும்ல.

முத்தியால்பேட்டை முல்லை
எழுதியிருக்கணும். இப்ப திருத்திட்டேன், போய்ப் பாருங்க. "சிறந்த"வை மட்டும் எடுக்க மாட்டேன்.

கெடிலம்
ரெண்டு பேரும் செத்துப்போன ஒண்ணுக்காகச் சண்டை போடுறீங்க. இப்ப யாருப்பா ஆல்பம் கேக்குறா? ஒரு பாட்டு போதும். 2021-ல "என்ஜாய் எஞ்சாமி" ஒத்தைப் பாட்டுதானே, அது போகாத கல்யாண மண்டபம் உண்டா? ஒன்பது பாட்டுல நல்லதா ஒண்ணைச் சொல்லுங்க, கேட்டுட்டுப் போறோம்.

உப்பனாறு
கெடிலம் தம்பி, அந்தப் பாட்டை எழுதிப் பாடின அறிவு, இசையமைப்பாளர் ஓஃப்ரோவோட சேர்ந்து 2019-லயே "தெருக்குரல்"னு முழு ஆல்பம் போட்டுட்டார். அது வந்த வாரம் எங்க தெருவுல ஒருத்தருக்கும் தெரியாது. நானே 2021-க்கு அப்புறம் பின்னாடி தேடிப் போய்க் கேட்டவன்தான். ரெண்டு வருஷம் லேட். ஒரு நல்ல ஆல்பத்துக்கு முதல் வாரம்தான் உயிர்னு முல்லை சொல்றதை என்னால ஒத்துக்க முடியல. அன்னைக்கே ஒருத்தராவது இங்க வந்து கத்தியிருந்தா நான் 2019-லயே கேட்டிருப்பேன்ங்கிறதும் உண்மை. நான் எந்தப் பக்கம்னு கேக்காதீங்க.

காசு விஷயத்துல மட்டும் ஒண்ணு சொல்றேன். 25 தடவை ஓட்டுறதைவிட ஒரு தடவை வாங்கிடலாம். கலைஞர்கிட்டயே நேரா பாட்டு வாங்குற பேண்ட்கேம்ப் தளத்துல டிஜிட்டல் விற்பனைக்கு அவங்க பிடிக்கிறது 15 சதவீதம்தான். என்ன சிக்கல்னா, அங்க கலைஞருக்குப் பணம் வர்றது பேபால்ங்கிற ஆன்லைன் பணச் சேவை வழியா. பேபாலோ 2021 ஏப்ரல் 1-லேர்ந்து இந்தியாவுக்குள்ளயே அனுப்புற பணத்தை நிறுத்திடுச்சு. பாரிஸ்ல இருக்கிற பாண்டிக்காரர் வாங்கலாம், கடலூர் மஞ்சக்குப்பத்துல இருக்கிற நான் தடுமாறணும்! முல்லை, உன் தம்பிகிட்ட ஜிபே நம்பர் போடச் சொல்லு. ஃபைலை டிரைவ்ல அனுப்பட்டும்.

மிக்ஸிங் மாமா
புலியூர்வாசி சார், மூணு தடவை கேக்கணும்னு சட்டம் போடுறீங்க, ஆனா பஸ்ல கேக்குறீங்க. இன்ஜின் உறுமல் எல்லாம் கீழ்ச்சுருதி. பாஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் இருக்கிற இடமும் அதுதான். ரெண்டும் மோதினா இன்ஜின்தான் ஜெயிக்கும். இந்த ஆல்பத்துல மெட்டை எடுத்துட்டுப் போறதே பாஸ்தான், குரல் அதுமேல சும்மா பேசிக்கிட்டே போகுது. பாஸ் இல்லாம கேட்டா மெட்டு எப்படி நிக்கும்? அதுலயும் நம்ம தடத்துல தனியார் பஸ்னா ஸ்பீக்கர்ல ராஜா பாட்டு வேற ஓடும். ராத்திரி வீட்டுல, ஒயர் வச்ச ஹெட்போன்ல கேளுங்க.

குறை சொல்லணும்னா நான் சொல்றேன்: எட்டாவது பாட்டுல குரலுக்கு எதிரொலி ரொம்ப ஜாஸ்தி, வார்த்தையே புரியல. நான் மிக்ஸ் பண்ணல, என் தலையில போடாதீங்க.

கெடிலம்
மாமா, ஹெட்போன் வாங்க யாரு காசு தருவா?

புலியூர்வாசி
நேத்து ராத்திரி வீட்டுல கேட்டேன். மாமா சொன்னது சரி. மூணாவது பாட்டுல அந்த பாஸ் கீழ இறங்கி வர்ற இடத்தை நாலு தடவை திருப்பித் திருப்பிப் போட்டேன், வீட்டுக்காரம்மா எழுந்து வந்துட்டாங்க. நாலாவதும் பிடிச்சிருக்கு. எட்டாவது தேவையே இல்ல. "சிறந்த ஆல்பம்" இல்ல, இன்னும் சொல்றேன். ஆனா இது ரெண்டாவது தடவைதான், அதனால என் விதிப்படி இதையும் நான் எழுதக்கூடாது. முல்லை சிரிக்க வேணாம்.

ஆறாவதுதான் இப்பவும் புரியல. பாண்டிப் பசங்க, எதுக்கு ஸ்டேஷன்?

முத்தியால்பேட்டை முல்லை
சிரிச்சாச்சு. அண்ணே, பாண்டியில இருந்து கடலூருக்கு நேரா ரயில் இருக்கா? விழுப்புரம் போய்ச் சுத்தித்தான் வரணும். பஸ்ல 22 கிலோமீட்டர். பாடுறவனோட ஆளு கடலூர். வராத ரயிலுக்குத்தான் அந்த அறிவிப்பு.

உப்பனாறு
அட! அப்ப எங்க பதிவு பண்ணாங்க? பின்னாடி ஒரு காக்கா விடாம கத்துதே, கடலூர் முதுநகர் துறைமுக ஸ்டேஷன்தானே?

புலியூர்வாசி
திருப்பாதிரிப்புலியூர். அந்தக் காக்காவை எனக்குத் தெரியும்.