பிஸ்டன் மாற்றும் முன் கசிவைப் பாருங்கள்: வீட்டிலேயே செயின்சா இன்ஜின் பிரித்தவர்களின் அனுபவங்கள்

தென்னை விவசாயி, பேராவூரணிப் பக்கம்

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறிப் போன பிறகுதான் எங்கள் கடைமடைப் பகுதியில் மரம் அறுக்கும் மிஷின் இவ்வளவு பரவியது. சாய்ந்து கிடந்த தென்னையை அரிவாளும் கோடாரியும் வைத்துத் தீர்க்க முடியவில்லை. அப்போது நான் வாங்கிய 45 சிசி மிஷின் சில வருடம் குறையில்லாமல் உழைத்தது. பிறகு ஒருநாள் பாதி அறுப்பில் சத்தம் கூர்மையாகி, பட்டென்று நின்றது. ஸ்டார்ட் செய்ய இழுக்கும் கயிறு அசையவில்லை. டவுனில் ஒரு பட்டறையில் புது போர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர்), புது பிஸ்டன் போட்டுக் கொடுத்தார்கள். அடுத்த வெட்டுக்குள் மறுபடி அதே இடத்தில் பிஸ்டன் நகராமல் பிடித்துக்கொண்டது.

இந்தமுறை நானே பிரித்தேன். வீட்டில் பிரிக்க நினைப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். பிஸ்டன் மாற்றுவது பெரிய வித்தை இல்லை. பழையது ஏன் பிடித்தது என்று கண்டுபிடிக்காமல் புதியதைப் போட்டால் அதுவும் பிடிக்கும்.

முதலில் சைலன்சரை மட்டும் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். பிஸ்டன் நிறையச் சொல்லும். என் மிஷினில் சைலன்சர் பக்கம் மேலிருந்து கீழ்வரை ஆழமான கீறல், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் அதன் பள்ளத்திலேயே ஒட்டிக் கிடந்தது. கார்பரேட்டர் பக்கம் புதுசு போலவே இருந்தது. சைலன்சர் பக்கம் மட்டும் கீறியிருந்தால் சூடும் எண்ணெய்ப் பஞ்சமும்தான் காரணம். கார்பரேட்டர் பக்கம் மங்கிச் சாம்பல் நிறமாகத் தேய்ந்திருந்தால் ஃபில்டரைத் தாண்டித் தூசி போயிருக்கிறது. சுற்றிலும் கீறியிருந்தால் ஆயிலே கலக்காத பெட்ரோல் ஊற்றியிருக்க வாய்ப்பு அதிகம்.

நான் ஆயில் சரியாகத்தான் கலந்தேன். அப்படியானால் எண்ணெய்ப் பஞ்சம் எங்கிருந்து வந்தது? இந்த இன்ஜினுக்குத் தனியாக ஆயில் தொட்டி கிடையாது. பெட்ரோலோடு வருவதுதான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் எண்ணெய். கார்பரேட்டரைத் தாண்டி எங்காவது சந்து வழியாகக் காற்று உள்ளே புகுந்தால் கலவையில் பெட்ரோல் குறையும், கூடவே ஆயிலும் குறையும், சூடு ஏறும். நிமிடத்துக்கு 13,000, 14,000 சுற்று என்றால் நொடிக்கு 200 தடவைக்கு மேல் பிஸ்டன் மேலும் கீழும் போகிறது. தாங்குமா?

கசிவு பார்க்கக் கடையில் தனிக் கருவி உண்டு. நான் வீட்டில் இருந்த பழைய பிபி மிஷினைப் பயன்படுத்தினேன், கையில் அமுக்கும் ரப்பர் பல்பும் வட்ட மீட்டரும் உள்ளது. சைலன்சர் வாயையும் கார்பரேட்டர் வாயையும் சைக்கிள் டியூப் ரப்பரால் அடைத்து அதன்மேல் போல்ட்டை இறுக்கி, பிளக்கைப் பூட்டி, கிராங்க் கேஸிலிருந்து (பிஸ்டனுக்குக் கீழே உள்ள அறை) கார்பரேட்டருக்கு வரும் சின்ன இம்பல்ஸ் குழாயில் பிபி குழாயைச் செருகினேன். பட்டறை மேனுவல்களில் 0.5 பார் என்று இருக்கும். பிபி மீட்டரின் 300 என்பது 0.4 பார். வீட்டுக்கு அது போதும். முள் அப்படியே நிற்க வேண்டும். என் மிஷினில் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கியது. சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவிக்கொண்டே வந்தேன். மேக்னெட் பக்கத்து ஆயில் சீலில், அதாவது கிராங்க் தண்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையத்தில், நுரை கிளம்பியது. அந்த ஒரு சீல்தான் இரண்டு பிஸ்டனையும் தின்றிருக்கிறது. முதல்முறை பட்டறையில் போர் மாறியது, சீல் பழையதே இருந்தது.

அதன் அடையாளம் முன்பே தெரிந்திருந்தது என்பது இப்போது புரிகிறது. ஐடிலில் மிஷின் ஒரு நிலையில் நிற்காது. ஆக்ஸிலேட்டரை விட்டாலும் வேகம் மெதுவாகத்தான் இறங்கும். பக்கவாட்டில் சாய்த்தால் சத்தம் மாறும். இந்த மூன்றில் ஒன்றைப் பார்த்தாலும் ஸ்க்ரூ திருகி சரிசெய்யப் பார்க்காதீர்கள், நிறுத்திவிட்டுக் கசிவைப் பாருங்கள்.

கழற்றும்போது கிளட்ச் பற்றி ஒரு எச்சரிக்கை. அது இடது மரை, கடிகாரம் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும். பிஸ்டன் நகராமல் இருக்க பிளக் ஓட்டை வழியாக நைலான் கயிற்றைத் திணித்தால் போதும், இரும்பு எதையும் விடாதீர்கள்.

டூ-ஸ்ட்ரோக் மெக்கானிக், மதுரை

தம்பி சொன்ன சோதனை நூத்துக்கு நூறு சரி. நான் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் காலத்து ஆளு. 85லிருந்து 96 வரைக்கும் வந்த வண்டி அது, இன்னைக்கும் பட்டறைக்கு வருது. அந்த அனுபவத்த வச்சு செயின்சாவத் தொடுறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். ஆர்எக்ஸ்ல உள்ள இரும்பு லைனர் இருக்கும். கீறல் விழுந்தா லேத்துல கொடுத்து போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு ஓட்டிரலாம். நல்ல செயின்சா போர் அப்படி இல்ல. அலுமினிய உடம்பு, உள்ள நிக்கலோ குரோமோ மெல்லிசா பூசியிருக்கும். லேத்துல ஏத்தினா பூச்சு மொத்தமும் போயிரும். பக்கத்துல லேத்துக்காரர் 'செஞ்சிரலாம்'னு சொன்னாலும் கொடுக்காதீங்க.

பிடிச்ச போரு எல்லாமே கெட்டுப்போனதும் இல்ல. பாதிக்கு மேல அது போரோட கீறலே கிடையாது, பிஸ்டன் அலுமினியம் உருகி மேல அப்பிக்கிட்டு நிக்கும். கக்கூஸ் கழுவுற ஆசிட் இருக்குல்ல, அத காது குடையற பஞ்சுக் குச்சியில தொட்டு அந்தக் கோட்டு மேல மட்டும் வைங்க. அலுமினியம் நுரைச்சுக்கிட்டுக் கரையும், நிக்கல் பூச்சு லேசுல கரையாது. குரோம் பூச்சா இருந்தா ஆசிட் வைக்காதீங்க, அது கரைஞ்சிரும். துடைச்சிட்டுத் திரும்ப வைங்க. போர்ட்டு, அதான் போர்ல காத்து போற ஓட்டை, அதோட ஓரத்துல வெறும் அலுமினியம் இருக்கும், அங்க பட்டா அரிச்சிரும், அதனால ஊத்தக்கூடாது, தொட்டுத்தான் வைக்கணும். வெட்டவெளியில செய்யுங்க, கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை போட்டுக்கங்க. முடிஞ்சதும் சோடா உப்புத் தண்ணி விட்டுக் கழுவி, காயவச்சு, லேசா ஆயில் தடவிருங்க. அப்புறம் நகத்தால நெருடிப் பாருங்க. நகம் எங்கயும் மாட்டலன்னா அந்த போர் இன்னும் ஓடும். ஒட்டினதெல்லாம் கரைஞ்ச பிறகும் ஒரு இடத்துல நுரை நிக்கவே இல்லன்னா அங்க பூச்சு போயிருச்சு, புதுசு வாங்கிக்கங்க.

பின்ன பிஸ்டன்ல அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்கணும். ரிங் பள்ளத்துல ஒரு குட்டி ஆணி நிக்கும், ரிங்கோட ரெண்டு முனையும் அந்த ஆணிக்கு ரெண்டு பக்கமும் வந்து உக்காரணும். இல்லன்னா போர் இறங்கும்போதே ரிங் ஒடியும். பிஸ்டனையும் ராடையும் சேர்க்கிற பின்னைச் சுத்தியல்ல அடிக்காதீங்க, கனெக்டிங் ராடு வளைஞ்சிரும். பிஸ்டன வெயில்லயோ வெந்நீர்லயோ கொஞ்சம் சூடாக்குனா பின்னு விரல் அமுக்குலயே போகும். பின்னு வெளிய வராம பிடிக்கிற கம்பி லாக்கு எப்பவும் புதுசுதான். அதோட வாய் மேலயோ கீழயோ பாத்து இருக்கணும், பக்கவாட்டுல வேணாம். லாக்கு மாட்டும்போது கிராங்க் வாய்ல துணி அடைச்சிக்கங்க.

எஸ்டேட் மர வேலை, கூடலூர்

தேயிலைத் தோட்டத்தில் அனுமதி கிடைத்த சில்வர் ஓக் மரங்களை அறுப்பது என் வேலை. அண்ணன் சொன்னது கசிவு. எனக்கு வந்தது பெட்ரோல்.

எங்கள் பக்கம் ஜூனில் மழை பிடித்தால் மிஷின் வாரக்கணக்கில் ஷெட்டில் கிடக்கும். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தையே இழுக்கும். அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகச் சேர்ந்து பிரிந்து கேனின் அடிக்குப் போய்விடும். நாம் கலந்த ஆயில் பெரும்பாலும் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். டேங்க் ஃபில்டர் கனமானது, எப்போதும் அடியில்தான் கிடக்கும். அப்படியானால் இன்ஜின் முதலில் உறிஞ்சுவது ஆயில் இல்லாத அந்த அடித் தண்ணீரை. எங்கள் குழுவில் ஒரு மிஷின் மழை விட்டதும் ஸ்டார்ட் ஆகி, முதல் மரத்திலேயே பிடித்தது. பிரித்துப் பார்த்தால் சீலிலும் கார்பரேட்டரை இன்ஜினோடு சேர்க்கும் ரப்பரிலும் ஒரு கசிவும் இல்லை. கேனில் மிச்சம் இருந்ததைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வைத்தோம். நடுவில் கோடு போட்ட மாதிரி இரண்டாகப் பிரிந்து நின்றது.

அதிலிருந்து தேவைக்கு மட்டும் கலக்கிறோம். ஒரு மாதத்துக்கு மேல் கலவையை வைப்பதில்லை. வேலை முடிந்தால் டேங்கைக் காலி செய்து, கார்பரேட்டரில் இருப்பது தீரும்வரை ஐடிலில் ஓடவிட்டு நிறுத்துகிறோம். அளவு 50க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25க்கு 1 என்றால் 40 மில்லி. மிஷினோடு வந்த புத்தகம் எதைச் சொல்கிறதோ அதுதான், கண்ணளவு வேண்டாம்.

இன்னொன்று. ஸ்டில் கம்பெனியின் எம்எஸ் 170, 180, 250 வகைகளில் போர் தனியாகக் கழலாது. அடிப்பக்கப் பலகை போரோடு நான்கு போல்ட்டில் சேர்ந்திருக்கும், கிராங்க் இரண்டுக்கும் நடுவில் உட்காரும். முழு இன்ஜினையும் வெளியே எடுத்தே ஆகவேண்டும், ஸ்டார் வாய் டி-27 கீ வேண்டும். இதில் ஒரு வசதியும் உண்டு, சீல் இரண்டும் கையோடு வந்துவிடும், மாற்றாமல் விடுவதற்குக் காரணமே இல்லை. சேரும் பரப்பைப் பழைய பேஸ்ட் துளியும் இல்லாமல் சுத்தம் செய்து, பெட்ரோல் தாங்கும் கேஸ்கட் பேஸ்ட்டை நூல் போல மெல்லிசாகத் தடவுங்கள். அதிகமானால் உள்ளே பிதுங்கி பேரிங்குக்குள் போகும்.

வவுனியாவிலிருந்து

அண்ணை, எங்கட பக்கமும் இந்தக் கதை இருக்கு. 2022இல பெற்றோல் தட்டுப்பாடு வந்தநேரம் சனம் கிடைச்சதை கானில பிடிச்சு மாதக்கணக்கா வைச்சிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் அந்தப் பழைய பெற்றோலைத்தான் பிறகு சங்கிலி வாளுக்கு ஊத்தினவர். கார்பரேட்டருக்குள்ள கோந்து மாதிரிப் படிஞ்சு, உள்ளுக்க இருக்கிற மெல்லிய டயபிரம் சவ்வு தகடுபோல விறைச்சுப் போச்சு. மெசின் ஓடத்தான் செய்தது, ஆனால் பெற்றோல் போதாமல் ஓடினது. பிஸ்டன் நீங்கள் சொன்ன அதே சைலன்சர் பக்கம்தான் கீறிக் கிடந்தது. நானும் அவரும் சேர்ந்து கழட்டி, கார்பரேட்டர் கிட் முழுதும் மாத்தி, பெற்றோல் குழாயையும் ஃபில்டரையும் மாத்தின பிறகுதான் புதுப் பிஸ்டன் போட்டனாங்கள். இப்பவும் வேலை செய்யுது. ஆகவே கசிவு பாக்கிறதோட கார்பரேட்டரையும் ஒருக்கா திறந்து பாருங்கோ. டயபிரத்தை விரலால தொட்டால் துணிபோல மெத்தெண்டு இருக்கவேணும், சரசரக்கக் கூடாது.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு கேள்வி

என்கிட்ட 58 சிசி சீன மிஷின் இருக்குதுங்க. கார்பரேட்டர் பக்கம் பிஸ்டன் தேஞ்சிருக்குது. தென்னை நார்த்தூள் ஃபில்டரத் தாண்டிப் போயிருக்கும்னு நினைக்கறேன். இதுக்கு மெனக்கெடலாமுங்களா, இல்ல புதுசே வாங்கிறலாமுங்களா? பண்ணுனா முதல் ஓட்டம் எப்படி ஓட்டறதுங்க?

தென்னை விவசாயி, பேராவூரணிப் பக்கம்

மெனக்கெடலாம் தம்பி, கிராங்க் நன்றாக இருந்தால். போரைக் கழற்றியதும் கனெக்டிங் ராடை மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள், துளியும் ஆட்டம் இருக்கக் கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் நகர்வது இயல்பு. கிராங்க்கைக் கையால் சுற்றும்போது மணல் அரைப்பது போல விரலுக்குத் தெரிந்தால் பேரிங் போய்விட்டது. அந்த விலை மிஷினுக்குப் பேரிங்கும் சேர்த்து மாற்றுவதை நான் செய்யமாட்டேன். ஆட்டம் இல்லை என்றால் போர் கிட் எளிதாகக் கிடைக்கும், பிபி மிஷின் சோதனையும் அதிலேயே பழகிக்கொள்ளலாம். உங்கள் விஷயத்தில் ஃபில்டர் உட்காரும் விளிம்பை முதலில் பாருங்கள். ஃபில்டர் புதிதாக இருந்தும் விளிம்பில் சந்து இருந்தால் தூசி அந்த வழியாகத்தான் போயிருக்கும்.

பூட்டும் முன் ரிங்கை மட்டும் போருக்குள் விட்டு, பிஸ்டனால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்துவிடுங்கள். புது ரிங்கில் வாயே இல்லாமல் முனைகள் முட்டினால் சூட்டில் விரிந்து போரைக் கீறும். காயிலுக்கும் மேக்னெட்டுக்கும் நடுவில் 0.3 மில்லிமீட்டர் விடுங்கள், ஒரு விசிட்டிங் கார்டு வைத்து இறுக்கினால் ஏறத்தாழ அதுதான் வரும். பிளக் இடைவெளி 0.5.

முதல் ஓட்டத்துக்கு கார்பரேட்டரின் இரண்டு ஊசியையும் மெதுவாக முழுக்க மூடி ஒரு சுற்று திறந்து ஆரம்பியுங்கள். அளவு உங்கள் மிஷின் புத்தகத்தில் வேறாக இருந்தால் அதையே வையுங்கள். சூடேறியதும் எச் ஊசியை (முழு வேகத்துக்கான பெட்ரோல் அளவு) சரிசெய்யுங்கள். மரத்தில் வைக்காமல் முழு ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் சத்தம் கரகரவென்று உடைந்து வர வேண்டும், மரத்தில் வைத்ததும் அது தெளிய வேண்டும். வெளியில் வைத்திருக்கும்போதே சுத்தமாக, கீச்சென்று வந்தால் பெட்ரோல் போதவில்லை, உடனே திறந்துவிடுங்கள். முதல் டேங்க் முழுக்க வெறுமனே உறும விடாதீர்கள். சின்ன மட்டை, கிளை என்று அறுத்து, நடுவில் ஆறவிட்டு ஆறவிட்டு ஓட்டுங்கள். முதல் டேங்க் தீர்ந்ததும் சைலன்சரைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். பிஸ்டனில் மெஷின் வெட்டிய மெல்லிய கோடுகள் அழியாமல் இருந்தால் அடுத்த டேங்கை ஊற்றலாம்.