பச்சை மரத்த அறுக்கச் சொல்லிட்டு மில்லுக்காரனத் திட்டுறது நியாயமா?

செங்கோட்டை மில்லுக்காரன்
மனசு ஆறாம எழுதுறேன். போன கார்த்திகையில ஒருத்தர் வீட்டு வேப்பமரம் ரெண்டு, தோட்டத்துல நின்ன தேக்கு ஒண்ணு, மூணையும் வெட்டி மறுநாளே டிராக்டர்ல ஏத்தி என் மர அறுவை மில்லுக்கு கொண்டாந்துட்டாரு. தடியில கை வச்சா ஈரம் ஒட்டுது. அண்ணாச்சி, இது பச்சை, அறுத்து நிழல்ல அடுக்கி காய விட்டுட்டு அப்புறம் ஆசாரிகிட்ட குடுங்கன்னு சொன்னேன். தையில நிலை வைக்க நாள் குறிச்சாச்சு, நீங்க அறுங்கன்னு ஒத்தக்கால்ல நின்னாரு. அறுத்தேன். வேம்புக்குள்ள பழைய ஆணி இருந்திருக்கு, எப்பவோ துணிக்கொடி கட்ட அடிச்சது, மரம் பெருத்து மூடிக்கிச்சு, வெளியில இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. ரம்பத்துல பட்டு தீப்பொறி பறந்து அந்த பிளேடு அதோட போச்சு. அதுக்கு பத்து பைசா தரல, நானும் கேட்டு சண்டை போடல.

இப்ப பங்குனி வெயில்ல நிலை முறுக்கிக்கிச்சு, கதவு சாத்த வரல. நேரா மில்லுக்கு வந்து என் மரத்த மாத்திட்டீங்க, இது என் தேக்கே இல்லன்னு லோடுமேன், மத்த கஸ்டமர் எல்லாரும் நிக்கயில சத்தம் போடுறாரு. அப்பா காலத்துல இருந்து ஓடுற மில்லு. ஈர மரம் காஞ்சா சுருங்கத்தான் செய்யும், அதுக்கு எனக்கு திருட்டுப் பட்டமா? மரத்த நம்பிக் கொண்டாந்து போடுறவங்களே சொல்லுங்க.

சொந்தவீடு கோவை
உங்க வருத்தம் புரியுதுங்க. ஆனா பணம் போடுற ஆளா என் பக்கமும் கேளுங்க. நான் மூணு வருசம் முன்னாடி வீடு கட்டுனப்ப தேக்குன்னு வாங்குன சட்டத்துல பாதிக்கு மேல வெள்ளை, அதான் பட்டைய ஒட்டுன இளமரம். கடையில பாக்கறப்ப எல்லாம் ஒரே நிறமா அழகா இருந்துச்சு, மேல ஏதோ தடவியிருந்தாங்கன்னு இழைச்சப்புறம்தான் தெரிஞ்சுது. ரெண்டே வருசத்துல அந்த வெள்ளைப் பக்கம் மட்டும் மாவு மாவா கொட்டுது, வைரம்னு சொல்ற நடு மரம் அப்படியே கல்லு மாதிரி இருக்கு. கடையில கேட்டா நீங்க பாத்துத்தான வாங்குனீங்கன்னு ஒரே வார்த்தை. மரத்த பாத்து தெரிஞ்சுக்க நான் என்ன ஆசாரியா? உங்ககிட்ட வந்தவர் கத்துனது தப்புன்னே வச்சுக்குவோம், ஆனா அவருக்கு முன்னாடி நாலு கடையில நாலு விதமா ஏமாந்திருப்பாருங்க. அந்த சந்தேகம்தான் உங்க மேல விழுந்திருக்கு.

அளவு இன்னொண்ணு. 5 இஞ்சுக்கு 3 இஞ்ச் நிலைன்னு பில்லு போடுறாங்க, கைக்கு வர்றப்ப டேப் வச்சு பாத்தா நாலே முக்காலுக்கு ரெண்டே முக்கால். கணக்கு போட்டுப் பாருங்க, 15 இருக்க வேண்டிய எடத்துல 13தான் இருக்கு. நூறு ரூவாய்க்கு 13 ரூவா எங்க போச்சு?

செங்கோட்டை மில்லுக்காரன்
சார், வெள்ளைக்கு சாயம் தடவி விக்கிறவன நான் தாங்கல, அது அயோக்கியத்தனம்தான். ஆனா அந்த 13 ரூவாய நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகல. ரம்பம் ஒரு தடவ போய் வந்தா ஒரு நூல், அதாவது இஞ்ச்ல எட்டுல ஒரு பங்கு மரம் தூளாயிரும். அப்புறம் நாலு பக்கமும் இழைக்கணும், ஒரு பக்கத்துக்கு ஒரு நூல் வச்சா கூட அகலத்துல ரெண்டு நூல், கனத்துல ரெண்டு நூல், அதான் உங்க கால் இஞ்ச். இழைச்ச பிறகு முழு 5க்கு 3 வேணும்னா அறுக்கும்போதே அஞ்சே காலுக்கு மூணே கால் அறுக்கணும், அந்த மரத்துக்கும் காசு கேப்போம். எது வேணும்னு முதல்லயே கேட்டுட்டா பிரச்சன இல்ல.

சொந்தவீடு கோவை
கேட்டுட்டான்னு சொல்றீங்களே, யாருங்க கேக்கணும்? நான் வாழ்க்கையில ஒரே ஒரு தடவ மரம் வாங்குறேன். நீங்க தினமும் விக்கிறீங்க. சொல்ல வேண்டியது நீங்கதானுங்களே.

ஆலங்குடி விவசாயி
நீங்க ரெண்டு பேரும் வாங்குற கதைய பேசுறீங்க, விக்கிறவன் கதைய நான் சொல்றேன். 90கள்ல தேக்கு வச்சா இருவது வருசத்துல லட்சம் லட்சமா கொட்டும்னு எங்க பாத்தாலும் விளம்பரம், எங்கப்பா நம்பி வரப்பு முழுக்க வச்சாரு. 2018 நவம்பர் 16, கஜா புயல். விடிஞ்சு பாத்தா தென்னையும் பலாவும் தேக்கும் ஒண்ணு மேல ஒண்ணு கெடக்கு. மரம் எடுக்குற வியாபாரி வந்தாரு. டேப்ப எடுக்கவே இல்ல, ஒரு சுத்து நடந்துட்டு மொத்தத்துக்கும் குத்துமதிப்பா ஒரு ரேட்டு. அளந்து போடுங்கன்னு கேட்டா, எல்லா ஊருலயும் மரம் கெடக்கு, நான் வேற எடத்துல எடுத்துக்குறேன்னு வண்டியத் திருப்புறாரு. அப்பா குடுத்துட்டாரு, வேற என்ன செய்ய, நெலத்த காலி பண்ணாம நடவு கெடையாது.

அளந்தா மட்டும் நியாயமான்னா அதுவும் இல்ல. சுத்தளவ நாலால வகுத்து, அத அதாலயே பெருக்கி, நீளத்தால பெருக்கி 144ஆல வகுக்குறீங்க. 48 இஞ்ச் சுத்து, 10 அடி நீளம்னா உங்க கணக்குல 10 கன அடி. உருண்டைக்கு உள்ள கணக்குப்படி போட்டா அது பன்னெண்டே முக்கால் கிட்ட வரும். ரெண்டே முக்கால் கன அடி விவசாயிகிட்ட சும்மாவே போகுது. நெலக் கணக்கான அடங்கலுக்கு விஏஓ ஆபீஸ், பர்மிட்டுக்கு வனத்துறைன்னு நாங்க அலையுறது தனி.

செங்கோட்டை மில்லுக்காரன்
அண்ணே, புயல் சமயத்துல நடந்தது கொடுமை, அதுக்கு நான் சமாதானம் சொல்ல மாட்டேன். ஆனா கால் சுத்துக் கணக்கு வெள்ளக்காரன் காலத்துல இருந்து வர்றது, ஹாப்பஸ் அளவும்பாங்க. உருண்டைய சதுரமாக்கும்போது நாலு பக்கமும் பட்டையோட சீவி எடுக்குற தோல்வெட்டு போகும், அத முன்னாடியே கழிக்கத்தான் அந்தக் கணக்கு. அந்த 10 கன அடித் தடியில எங்க மில்லுல சட்டமா ஏழு வந்தா நல்ல தடி. உள்ள பொந்து இருந்தா அஞ்சு கூட வராது, நிக்கிற மரத்துல பொந்து இருக்கான்னு தட்டிப் பாத்துத்தான் சொல்ல முடியும். இருவது வருசத் தேக்குல வெள்ளை கனமா இருக்கும், வைரம் நடுவுல கொஞ்சந்தான். அந்த நட்டத்த யாரு ஏத்துக்கிறது?

ஆலங்குடி விவசாயி
அப்ப தோல்வெட்டு விறகாப் போகலையா? அறுப்புத்தூள் மூட்டை போட்டு விக்கலையா? அந்தக் காசு எங்க கணக்குல எங்க வருது? வேண்டாம் தம்பி, ஒண்ணே ஒண்ணு செய்ங்க, வெட்டுறதுக்கு முன்னால மரத்துக்காரன் கையில டேப்போட ஒரு முனையக் குடுங்க. சுத்தளவு, நீளம், மரம் மரமா ஒரு தாள்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போடுவோம். ரேட்டு கம்மின்னா கூட பரவாயில்ல, எவ்வளவு குடுத்தோம்னாவது தெரியும்ல. எங்கப்பாவுக்கு கடைசி வரைக்கும் அது தெரியல.

காரைக்குடி ஆசாரி
நாலு தலைமுறையா உளி பிடிக்கிற வீடு எங்களுது, நான் சொல்றேன். முதல்ல அந்த நிலை முறுக்குன விசயம். மரம் எல்லா பக்கமும் ஒண்ணு போல சுருங்காது. தடிக்குள்ள தெரியுற வளையத்தோட போக்குல சுருங்குறது, நடுவுல இருந்து பட்டைய நோக்கிப் போற போக்குல சுருங்குறத விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு. நீளவாக்குல சுருக்கம் கண்ணுக்கே தெரியாது. அதனாலதான் சதுரமா அறுத்த பச்சைச் சட்டம் காஞ்சதும் கோணுது. இது மரத்த மாத்துனதால வந்தது இல்ல, மில்லுக்காரர் சொல்றது சரி.

ஆனா மில்லுக்காரரே, நீங்க அறுத்துக் குடுத்திருக்கக் கூடாது. எங்க தாத்தா தடி வந்ததும் ரெண்டு முனையிலயும் சாணி பூசிருவாரு, முனை வழியா ஈரம் சட்டுன்னு போனா வெடிச்சிரும்னு. அறுத்த பிறகு தரையில படாம கல்லு வச்சு, சட்டத்துக்கு சட்டம் நடுவுல ரீப்பர்ங்கிற சின்னக் கட்டை குடுத்து அடுக்கி, காத்து போகும் ஆனா வெயில் படாதபடி வைப்பாங்க. மூணு இஞ்ச் கனத்துக்கு ஆறு மாசமாவது வேணும், வேம்புன்னா குளத்துல ஊறப் போட்டு எடுத்துக் காய வைப்பாங்க, பூச்சி அண்டாது. இப்ப ஒருத்தருக்கும் பொறுமை இல்ல, இஞ்சினியர் நிலை எங்கன்னு கேக்குறாரு, கொத்தனார் நிக்கிறாரு, எல்லா அவசரமும் கடைசியில மரத்து தலையில விழுது.

கோவைக்காரருக்கு ஒண்ணு, கமிஷன் விசயத்தையும் நானே சொல்லிர்றேன். ஆசாரி கூட்டிட்டுப் போற கடையில ஆசாரிக்கு ஒரு பங்கு உண்டு, நானும் வாங்கியிருக்கேன். அது உங்க பில்லுலதான் ஏறும். அஞ்சு வருசமா வாங்குறது இல்ல, மரம் பாக்க வர்ற நாளுக்கு ஒரு நாள் கூலிய வீட்டுக்காரர்கிட்ட நேரா கேட்டுடுறேன். அப்பத்தான் இது வெள்ளை, இது வைரம், இத எடுக்காதீங்கன்னு கடைக்காரர் முன்னாலயே என்னால வாயத் தொறக்க முடியுது.

சொந்தவீடு கோவை
இத வெளிப்படையா சொன்னதுக்கு நன்றிங்க. என்கூட வந்தவர் கடையில வாயே தொறக்கல, இப்பத்தான் காரணம் தெரியுது. பர்மா தேக்குன்னு வேற அடிச்சு சொன்னாங்க.

காரைக்குடி ஆசாரி
2014 ஏப்ரல்ல இருந்து மியான்மர்ல உருட்டுத் தடிய வெளியில விடுறது இல்ல. புதுசா பர்மா தடி வந்திருக்குன்னு எவனாவது காட்டுனா நம்பாதீங்க. எங்க ஊருல இடிச்ச பழைய வீட்டு தூணு, உத்தரம் வாங்குனா அதுல நெசமாவே பர்மா கிடைக்கும், ஆணிய பிடுங்கிட்டு அறுக்கணும்.

செங்கோட்டை மில்லுக்காரன்
ஆசாரி சொன்னத ஏத்துக்குறேன், அறுக்க மாட்டேன்னு சொல்லியிருக்கணும். ஆனா நான் மாட்டேன்னா பக்கத்து மில்லுல அறுத்துக் குடுப்பாங்க, அன்னைக்கு கூலி போகும், அந்த பயம்தான். இனிமே பச்சை மரம் வந்தா சீட்டுலயே இன்ன தேதியில பச்சையா அறுத்தது, ஆறு மாசம் காயணும்னு எழுதி கையெழுத்து வாங்கிருவேன். விவசாயி அண்ணன் சொன்ன மாதிரி தடி இறங்கும்போதே மரத்துக்காரர் முன்னால அளந்து, தடியோட முனையில பெயிண்ட்டுல அவரு நம்பரும் போட்டுட்டா, மாத்திட்டேங்கிற பேச்சுக்கு எடமிருக்காது. ஆனா பிளேடுக்கு காசு கேப்பேன், அதுல விட்டுக்குடுக்க முடியாது.

ஆலங்குடி விவசாயி
ஆணி எங்க அடிச்சோம்னு மரத்துக்காரனுக்கே ஞாபகம் இருக்காது தம்பி. பாதிப் பாதி போடுங்க.

செங்கோட்டை மில்லுக்காரன்
வீட்டு வாசல்ல நின்ன மரம்னா பாதி. வேலியோரம் கம்பி கட்டுன மரம்னா முழுசு. அது தெரிஞ்சுதான கொண்டாறாங்க.

சொந்தவீடு கோவை
ஆசாரி ஐயா, அந்த முறுக்குன நிலைய இப்ப என்ன செய்யலாம்? எங்க மச்சான் வீட்டுலயும் அதே கதைதானுங்க, மேல் மூலையில விரல் போற அளவு சந்து.

காரைக்குடி ஆசாரி
இப்ப கதவ இழைக்காதீங்க, சந்துல எதையும் அடைக்காதீங்க. மரம் இன்னும் சுருங்கும். கதவ கழட்டி படுக்க வச்சிட்டு ஆடி வரைக்கும் விட்டுருங்க, நிலைக்கு பெயிண்ட் அடிக்காம எண்ணெய் மட்டும் தேய்ங்க. ஆடி முடிஞ்சு ஒரு போட்டோ போடுங்க, முறுக்கு எங்க நின்னிருக்குன்னு பாத்து கீல் மாத்துறதா, சட்டமே மாத்துறதான்னு சொல்றேன்.