ஆட்டிசம் உள்ள பையனுக்கு ஓசிடி: சிபிடி பலன் தருமா?

கேள்வி:
மகனுக்குப் பத்து வயது. ஆட்டிசம் உண்டு, நன்றாகப் பேசுவான். ரயில் கால அட்டவணை மொத்தமும் மனப்பாடம். சில மாதமாகப் படுக்கப் போகும் முன் கேஸ் ரெகுலேட்டரைப் பார்க்கிறான், வந்து படுக்கிறான், மறுபடி எழுந்து போகிறான். "அம்மா, கேஸ் மூடியாச்சா?" என்று என்னையும் கேட்டுக்கொண்டே இருக்கிறான். மூடியாச்சு என்றால் ஒரு நிமிடம் நிம்மதி, அப்புறம் அதே கேள்வி. டாக்டர் இதை ஓசிடி என்கிறார், அதாவது வேண்டாத எண்ணம் விடாமல் வந்து, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் பிரச்சினை. எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் சிபிடி என்ற மனநல சிகிச்சைக்குப் போகச் சொல்கிறார். "இவனுக்கு அதெல்லாம் எங்கே புரியப்போகிறது" என்கிறார்கள் வீட்டில். யாராவது போயிருக்கிறீர்களா?

பதில்:
என் மகளுக்குப் பார்த்தோம் அக்கா, பலன் இருந்தது. எது ஆட்டிசம், எது ஓசிடி என்று முதலில் பிரித்தார்கள். பென்சில்களை நிற வரிசையில் அடுக்குவாள், அப்போது முகமே மலர்ந்திருக்கும். அதை யாரும் தொடவில்லை. கை மட்டும் அழுதுகொண்டே கழுவுவாள். தெரபி அதற்குத்தான். கதவுக் கைப்பிடியைத் தொட்டுவிட்டுக் குழாய்க்கு ஓடாமல் நிற்க வேண்டும். பயம் ஏறும், கழுவாமலே இறங்கும். சிபிடியில் இந்தப் பயிற்சியை இஆர்பி என்பார்கள்.

"எவ்வளவு பயம்?" என்றால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. அதனால் நெஞ்சு படபடக்கிறதா, வயிற்றைப் பிசைகிறதா என்று கவனிக்கவே முதலில் பழக்கினார்கள். லிப்ட் என்றால் அவளுக்கு உயிர். பயத்தை மாடி எண்ணாகச் சொல்லவைத்தார்கள். "எட்டாவது மாடி" என்பாள், ஐந்துக்கு இறங்கும்வரை கூடவே நிற்போம். உங்கள் பையனுக்கு ரயில் வேகம் பொருந்தும்.

பதில்:
நான் உளவியல் ஆலோசகர். ஆட்டிசக் குழந்தைகளின் பதற்றத்துக்கு சிபிடி தரும்போது படங்களும் எழுதிய பட்டியலும் வேண்டும், சொல்வது நேரடியாகவும் ஒழுங்காகவும் இருக்க வேண்டும், பிடித்த விஷயத்தைச் சேர்க்க வேண்டும், நடுவே இடைவேளை வேண்டும், பெற்றோரும் இருக்க வேண்டும் என்று இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2013-லேயே வழிகாட்டியிருக்கிறது. இப்படி மாற்றித் தருவாரா என்று தெரபிஸ்ட்டிடம் கேளுங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் ஓசிடிக்கென்றே தனி கிளினிக் உண்டு.

"மூடியாச்சு" என்ற உங்கள் பதிலும் அந்தச் சுழலில் சேர்ந்துவிடுகிறது. அதற்காகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். பையனிடம் முன்கூட்டியே சொல்லி, தெரபிஸ்ட் போடும் படிகளின்படி குறையுங்கள்.

கேட்டவர்:
நன்றி. நான் குறைத்தாலும் பாட்டியிடம் போய்க் கேட்பான், அவர் "மூடியாச்சுடா கண்ணு" என்று சொல்லிவிடுவாரே?

பதில்:
பாட்டியையும் ஒருநாள் தெரபிக்குக் கூட்டிப் போங்கள் அக்கா. என் மாமியார் நாங்கள் சொன்னபோது கேட்கவில்லை, தெரபிஸ்ட் விளக்கிய பிறகு சரி என்றுவிட்டார். "இப்ப எத்தனாவது மாடி?" என்று அவரே கேட்க ஆரம்பித்தார்.