மறுமொழி: டூ பாய்ஸ் சொன்னதற்கு ‘இரட்டை மனம்’ சரிவருமா?

ஐயா, அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டூ பாய்ஸ் சொன்ன ‘டபுள் கான்ஷியஸ்னஸ்’ (double consciousness) என்பதற்கு நீங்கள் வைத்த ‘இரட்டை மனம்’ எனக்கு ஒட்டவில்லை. தமிழில் ‘இரட்டை’ என்று தொடங்கினாலே அடுத்து வேடமா நாக்கா என்றுதான் காது காத்திருக்கிறது. டூ பாய்ஸ் சொல்வது கபடமும் இல்லை, தடுமாற்றமும் இல்லை. தன்னை எப்போதும் அடுத்தவர் கண் வழியாகவே பார்த்துக்கொள்ள நேர்வது. அதிலும் அது இளக்காரமும் இரக்கமுமாகப் பார்க்கிற கண்.

சிறுவயதில் நடந்ததை அவரே எழுதியிருக்கிறார். மாசசூசெட்ஸில் ஒரு பள்ளிக்கூடம், பிள்ளைகள் கட்டு பத்து சென்ட் என்று விசிட்டிங் கார்டு வாங்கி ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்கிறார்கள், புதிதாக வந்த உயரமான பெண் ஒருத்தி இவர் நீட்டிய கார்டை ஒரே பார்வையில் மறுத்துவிடுகிறாள். அந்தப் பார்வை உள்ளே வந்து குடியேறிவிடுவதைத்தான் 1897-இல் அட்லாண்டிக் இதழ்க் கட்டுரையில் இந்தச் சொல்லால் குறித்தார்.

‘பிளவுணர்வு’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அந்த ஆங்கிலத் தொடர் அப்போதே மருத்துவர்கள் ஆளுமை பிளந்த நோயாளிகளுக்குச் சொல்லிவந்ததுதான், அதனால் அவர் கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் டூ பாய்ஸ் அதை நோயாக விடவில்லையே. கறுப்பராகவும் அமெரிக்கராகவும் ஒரே ஆளாக இருக்க வேண்டும், அதற்காக யாரும் காறித் துப்பக் கூடாது, முகத்துக்கு நேரே கதவைச் சாத்தக் கூடாது என்று கேட்டவர். 1909-இல் கறுப்பர் உரிமைக்கான என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவராகி, அடுத்த ஆண்டிலிருந்து அதன் ‘தி கிரைசிஸ்’ இதழை நடத்தி, கறுப்பரைக் கும்பல் அடித்துக் கொன்ற செய்திகளை விடாமல் அச்சிட்டதும் அதே கோரிக்கைக்குத்தான்.

எனக்கு முதலில் தோன்றியது ‘இருநோக்கு’. அப்புறம் பார்த்தால் வள்ளுவர் அதை ஏற்கெனவே காதலியின் கண்ணுக்குக் கொடுத்துவிட்டார், இனி யார் சொன்னாலும் காமத்துப்பால்தான் நினைவுக்கு வரும்!

ஆகவே என் பரிந்துரை: இருநனவு. கான்ஷியஸ்னஸுக்கு ‘நனவு’ வைத்துச் செய்த நனவிலி, நனவோடை என்று ஒரு குடும்பமே இருக்கிறது, அதோடு சேர்ந்துவிடும். ‘இருநனவோடு வளர்ந்த தலைமுறை’ என்று எழுதிப் பார்த்தேன், உறுத்தவில்லை. ‘நனவு என்றால் விழிப்பு மட்டும்தானே’ என்று ஒருவர் கேட்கலாம், பிறர் கண் என்ற பொருள் சொல்லிலேயே இல்லை என்று இன்னொருவர் கேட்கலாம். மூலத்திலும்தான் அது இல்லை, விளக்கித்தான் ஆக வேண்டும்.

அதே அட்லாண்டிக் கட்டுரையில், கறுப்பரை வெள்ளையர் உலகிலிருந்து பிரிப்பதாக வரும் திரைக்கு (veil) நீங்கள் ‘முக்காடு’ போட்டிருக்கிறீர்கள். முக்காடு நாமே இழுத்துவிட்டுக்கொள்வது, இதுவோ எதிரில் இருப்பவன் தொங்கவிட்டது. ‘திரை’ என்றே இருக்கட்டுமா?