போர்த்துக்கல் வதிவிட விசா: இரண்டு நிதியங்களில் எதை எடுப்பது?

உவர்மலைத் தம்பி:
வணக்கம். கட்டாரில் தொழில் செய்யும் அண்ணா போர்த்துக்கல் முதலீட்டு விசாவுக்கு விண்ணப்பிக்கப் போகிறார். வீடு வாங்கி விசா எடுக்கும் வழி 2023 அக்டோபரில் அடைபட்டுவிட்டதால், 5 இலட்சம் யூரோவை முதலீட்டு நிதியத்தில் போடுவதே திட்டம். முகவர் இரண்டைக் காட்டுகிறார். ஒன்று ஆறு ஆண்டில் முடிகிறது; ஆண்டுக்கு 5 வீத இலாபம் உறுதி, முதலையும் திருப்பித் தருவோம் என்கிறார்கள்; கையேடு முழுக்க ஹோட்டல் படங்கள். மற்றது பத்தாண்டு, அங்குள்ள கம்பனிகளில் முதலிடுகிறது, எந்த உறுதியும் இல்லை. அண்ணாவுக்கு முதலாவதில்தான் மனம். பாதிப் பணம் டோஹா வங்கியில் இருக்கிறது. மிச்சத்துக்கு நிலாவெளியில் அம்மாவின் பெயரில் உள்ள காணியை விற்கச் சொல்கிறார். வாங்குபவர் முற்பணத்தோடு நிற்கிறார். எனக்கு நித்திரையே இல்லை.

லிஸ்பன் அக்கா:
தம்பி, அந்த ஹோட்டல் படங்கள்தான் எனக்கு உறுத்துகின்றன. விசாவுக்கான நிதியம் காணி, கட்டடங்களில் நேரடியாகவோ மறைமுகமாகவோ முதலிடக் கூடாது. குறைந்தது 60 வீதம் போர்த்துக்கலில் தலைமையகம் உள்ள கம்பனிகளுக்குப் போக வேண்டும். ஹோட்டல் நடத்தும் கம்பனியின் பங்குதானே என்று முகவர் சமாதானம் சொல்வார். அதை நம்பி விண்ணப்பிப்பது பெரிய ஆபத்து. கையேட்டை விட்டுவிட்டு நிதியத்தின் விதிப்பத்திரத்தைக் கேளுங்கள். சந்தை ஒழுங்காணையமான சி.எம்.வி.எம். பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆனால் பதிவு இருந்தால் மட்டும் விசாத் தகுதி வந்துவிடாது. அதற்கு முகவரோடு தொடர்பில்லாத ஒரு சட்டத்தரணியின் எழுத்து வேண்டும்.

ஆறாண்டு என்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. சட்டம் கேட்பது ஐந்தாண்டு முதிர்வுதான். ஆனால் வதிவிட அட்டை கைக்கு வரவே இங்கே நீண்ட காலம் இழுபடுகிறது. குடியுரிமைக்கான காலத்தைப் பத்தாண்டாக்கப் பாராளுமன்றம் 2025 அக்டோபரில் வாக்களித்தது. அதற்கு முந்தி நிதியம் முடிந்தால், நடுவழியில் வேறொன்றைத் தேடி அலைய வேண்டும்.

கணக்குப் பார்ப்பவன்:
உறுதி இலாபத்தை யார் கொடுக்கிறார்கள், எந்தப் பணத்திலிருந்து? இதற்கு எழுத்தில் பதில் இல்லையென்றால் அந்த நிதியத்தை விட்டுவிடுங்கள். கட்டணத்தையும் பாருங்கள். முகாமைக் கட்டணம் 2 வீதம் என்றால் ஆண்டுக்கு 10,000 யூரோ. பத்தாண்டில் ஓர் இலட்சம். நுழைவுக் கட்டணமும் நிதியம் எடுக்கும் இலாபப் பங்கும் வேறு. முகவருக்கு நிதியம் தரகு கொடுக்கிறதா என்று நேரே கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

உவர்மலைத் தம்பி:
இருவருக்கும் நன்றி. முதலாவது வேண்டாம் என்று அண்ணாவிடம் இன்றே சொல்கிறேன். காணி விடயம்?

கணக்குப் பார்ப்பவன்:
முற்பணத்தைத் தொடாதீர்கள். டோஹாப் பணம் வேறு, காணிப் பணம் வேறு. இலங்கையில் ரூபாயில் கிடைக்கும் பணத்தை முதலீடாக வெளியே அனுப்புவது 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்துக்குள் வருகிறது. அதற்கு வரம்புகள் உண்டு. அம்மாவின் பெயரில் எவ்வளவு அனுப்பலாம், எந்தக் கணக்கினூடாக என்று வங்கியின் வெளிநாட்டுச் செலாவணிப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். விற்ற பிறகு அனுப்ப முடியாது என்று தெரிந்தால், காணியும் இல்லை, விசாவும் இல்லை. அனுமதி கிடைத்தாலும் காணி உறுதி, விற்பனைப் பத்திரம், அம்மா அண்ணாவுக்குக் கொடுத்ததற்கான ஆவணம் எல்லாவற்றையும் லிஸ்பன் வங்கி கேட்கும்.

லிஸ்பன் அக்கா:
அம்மாவிடம் கேட்டீர்களா, தம்பி? அவருக்கு விற்க விருப்பமா?